ரோப் ஷவலில் ஒரு சிலிண்டர்கூட இல்லை, பக்கெட்டை முன்னே தள்ளுவது எது?

கரித்தூள்:
வணக்கம். டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்துவிட்டு சிங்ரௌலி பக்கம் ஒரு திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கத்தில் பராமரிப்புப் பிரிவில் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. ஊரில் நான் பார்த்தது ஜேசிபி, பொக்லைன்தான், அதில் எல்லாவற்றையும் சிலிண்டர் தள்ளும். இங்கே இருக்கும் எலக்ட்ரிக் ஷவலில் (ரோப் ஷவல் என்பதும் இதுதான்) வெறும் மோட்டார், பல்சக்கரம், கம்பி வடம். வடத்தால் இழுக்கத்தானே முடியும்? அப்புறம் பக்கெட் எப்படி மேட்டுக்குள் போகிறது? கேட்டால் "கிரவுட், கிரவுட்" என்கிறார்கள், எனக்கு இந்தியும் அரைகுறை.

பழைய ஃபிட்டர்:
தம்பி, முதலில் ஒன்றை மனதில் வை. தோண்டும்போது பூம், அதாவது முன்னால் சாய்ந்து நீளும் பெரிய கை, அசையாது. பொக்லைன் பழக்கத்தில் வருகிறவர்கள் இடறும் இடமே இதுதான். பூமின் அடி, சுழலும் மேல்தளத்தில் பின் போட்டு மாட்டியிருக்கும். நுனியை சஸ்பென்ஷன் ரோப் பின்னாலிருக்கும் கேன்ட்ரி என்ற உயரமான சட்டத்தோடு பிடித்துக்கொள்ளும். பூமின் நடுவே குறுக்காகப் போகும் தண்டு ஷிப்பர் ஷாஃப்ட். அதிலுள்ள பினியன் (சின்னப் பல்சக்கரம்), பக்கெட்டைத் தாங்கும் டிப்பர் ஹேண்டிலின் அடியிலிருக்கும் ரேக்கில் (நேரான பல்வரிசை) கடித்துச் சுற்றும்போது ஹேண்டில் முன்னும் பின்னும் போகிறது. அந்த இயக்கத்துக்குத்தான் கிரவுட் என்று பெயர். பல் விலகாமல் ஹேண்டிலைப் பிடிப்பது சாடில் பிளாக். (நம் ஊரில் டிப்பர் என்றால் லாரி, இங்கே அது பக்கெட்.)

தூக்கும் வடத்தைச் சுற்றும் ஹாய்ஸ்ட் டிரம் மெஷினரி ஹவுஸுக்குள் இருக்கிறது, அதன் வடம் பூம் நுனிச் சக்கரங்கள் மேல் ஏறி டிப்பருக்கு இறங்கும். தூக்குவதும் தள்ளுவதும் சேர்ந்தால்தான் வெட்டு விழும். தள்ளுவது மிஞ்சினால் பூமே மேலே எழும்பி சஸ்பென்ஷன் ரோப் தொய்ந்துவிடும், பிறகு மொத்த எடையும் ஒரே உலுக்கில் அதன்மேல் விழும். பூம் ஜாக்கிங் என்போம். நான் வேலை பார்த்த ஒரு மெஷினில் இது அடிக்கடி நடந்து பூம் அடி வெல்டில் விரிசல் விட்டது, நாங்கள் கவனித்தது ரொம்பத் தாமதமாக. ஷிஃப்ட் ஆரம்பத்தில் அந்த இடத்தையும் ரோப் முனைகளையும் துடைத்துப் பார்க்காமல் விடாதே.

கம்பிவடம்:
அண்ணன் சொன்னது பி அண்ட் எச் கம்பெனி வகை. பியூசைரஸ் கம்பெனியின் 495, அதாவது 2011இல் கேட்டர்பில்லர் வாங்கிய பிறகு 7495 ஆன மெஷின், அதில் ரோப் கிரவுடும் உண்டு. ஹேண்டில் ஒற்றைக் குழாய், பல்லே கிடையாது. ஒரு வடம் ஹேண்டிலின் பின்முனையைப் பிடித்து முன்பக்கமாக இழுக்கும், இன்னொன்று முன்பக்கத்தைப் பிடித்துப் பின்னால் இழுக்கும். வடத்தால் இழுக்கத்தான் முடியும் என்று நீங்கள் நினைத்தது சரிதான், ஆனால் பின்முனையை முன்னே இழுத்தால் டிப்பர் தானாகத் தள்ளப்படுகிறது.

கரித்தூள்:
ரொம்ப நன்றி அண்ணா, இப்போதுதான் தெளிவாகிறது. இன்னொன்று, கரண்ட் கேபிள் கீழே கிராலர் (சங்கிலிப் பட்டை) பக்கம் வருகிறது, மேல்தளம் முழு வட்டம் சுற்றுகிறது. கேபிள் முறுக்கிக்கொள்ளாதா?

பழைய ஃபிட்டர்:
முறுக்காது. நடுவில் கலெக்டர் ரிங் இருக்கிறது, கீழிருந்து வரும் ஹை வோல்டேஜ் அதன் வளையங்கள் வழியாக மேலே ஏறுகிறது. மேல்தளத்தின் முழு எடையும் உட்காருவது வட்டமாக அடுக்கிய ரோலர்கள் மேல். பெரிய ரிங் கியர் கீழ்ப்பகுதியோடு நிலையாக இருக்கும், ஸ்விங் மோட்டார்களின் பினியன்கள் அதைச் சுற்றி ஊர்ந்துதான் மேல்தளம் திரும்புகிறது. சத்தீஸ்கரின் கெவ்ரா நிலக்கரிச் சுரங்கத்தில் ஓடும் 42 கன மீட்டர் பக்கெட் ஷவலிலும் அடிப்படை இதேதான், அளவுதான் பெரிது. அந்த ரோலர் பாதையில் கிரீஸ் போகிறதா என்று தினமும் பார். லைன் அடைத்தால் மேலேயிருந்து தெரியாது, கீழே குனிந்துதான் பார்க்க வேண்டும், ஆனால் பவரைத் துண்டித்து, வேறு யாரும் போட முடியாதபடி சுவிட்சில் உன் பூட்டைப் போட்ட பிறகு.