மெட்டாலிக்காவின் '72 சீசன்ஸ்': நீளம் பலமா, பலவீனமா?

கேள்வி: அமெரிக்க ஹெவி மெட்டல் இசைக்குழுவான மெட்டாலிக்காவின், 2023 ஏப்ரலில் வெளிவந்த இந்த ஆல்பத்தை மூன்று முறை முழுமையாகக் கேட்டுவிட்டேன். 12 பாடல்கள், ஏறத்தாழ 77 நிமிடங்கள் என்று நீளும் இதில், இளைப்பாற ஒரு மென்பாடல்கூட இல்லாததால், பாதியைத் தாண்டும்போதே காது சலித்துவிடுகிறது. உங்களுக்கும் அப்படித்தானா?

மறுமொழி 1: நீளத்தை நான் பொறுத்துக்கொள்வேன், தனிவாசிப்பு வந்தாலே கித்தார் கலைஞர் கிர்க் ஹாம்மெட், கித்தார் ஒலியை 'வா-வா' என நெளியவைக்கும் வா-வா பெடலை மிதித்துவிடுவதுதான் எனக்கு அலுப்பு.

மறுமொழி 2: அவசரப்பட்டுத் தீர்ப்பளிக்க வேண்டாம். இறுதிப் பாடலான 'இனமொராட்டா' 11 நிமிடங்களைக் கடக்கிறது. அதன் நடுவே இரைச்சல் அடங்கி, ராபர்ட் ட்ருஹீயோவின் பேஸ் கித்தார் நிதானமாக நடைபோடும் இடத்தை ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்: கேட்டேன், அந்த இடம் அருமைதான். ஆனாலும் மற்றவற்றில் இரண்டைக் குறைத்திருக்கலாம் என்ற எண்ணம் மாறவில்லை.