மறு: வாபிள் – தள்ளாட்டமா, உதறலா?

எல்லாருக்கும் வணக்கம்,

பைக் ரிப்பேர் கலைச்சொல் பட்டியல்ல, வாபிள் (wobble)ங்கற கோளாறுக்கு ‘தள்ளாட்டம்’னு வைக்கலாமா, ‘உதறல்’னு வைக்கலாமாங்கற கேள்விக்கு என் பதில் இது: ‘தள்ளாட்டம்’ வேண்டாங்க. தள்ளாட்டம்னா மொத்த உடம்பும் சாயறது, பைக்ல அது வேற கோளாறு. ஹேண்டில் மட்டும் இடமும் வலமுமா படபடன்னு அடிச்சுக்கறது ஒண்ணு, அதான் வாபிள், நொடிக்கு 4லேருந்து 10 தடவை வரைக்கும் போகும். நல்ல வேகத்துல வண்டி மொத்தமும் மெதுவா வளைஞ்சு வளைஞ்சு போறது இன்னொண்ணு, இங்கிலீஷ்ல வீவ்னு சொல்லுவாங்க, நொடிக்கு 2, 3 தடவைதான் இருக்கும். ரெண்டுக்கும் ஒரே சொல்ல வச்சா, பின்னாடி ஸ்விங் ஆர்ம் (பின்வீல தாங்கற கை) புஷ் தேஞ்சு கிடக்க, படிக்கறவர் முன்னாடி கோன் செட்ட (ஹேண்டில் திரும்பற எடத்துல இருக்கற பேரிங் செட்ட) கழட்டிட்டு உக்காந்திருப்பார்.

அதனால வாபிளுக்கு உதறல், வீவுக்கு நெளிவு, இதான் என் யோசனை. ‘ஹேண்டில் உதறுது’ன்னு சொன்னா எந்த மெக்கானிக்குக்கும் வெளக்கம் தேவையில்ல. அதிர்வு, அலைவு ரெண்டயும் பாடநூல்ல ஏற்கெனவே வைப்ரேஷனுக்கும் ஆசிலேஷனுக்கும் எடுத்துட்டாங்க, அதுல கை வைக்கக் கூடாது. நடுக்கம்னா இன்ஜின் நடுங்கறதோட கொழப்பிக்குவாங்க.

உதறல்ல ஒரு உட்பிரிவும் வேணும். ஹோண்டா கோல்ட்விங் ஜிஎல்1800 பைக், அதுவும் 2018ல முன்பக்க சஸ்பென்ஷனயே மாத்தறதுக்கு முந்தின மாடல்கள் வச்சிருக்கறவங்க ரொம்ப நாளா பேசற விஷயம் இது: ஆக்சிலேட்டர விட்டு வேகம் எறங்கி 65 கிமீ பக்கம் வரும்போது கைய எடுத்தா ஹேண்டில் உதறும். நெறைய பேர் கோன் செட்ல இருக்கற பால் பேரிங்க எடுத்துட்டு டேப்பர் ரோலர் பேரிங் போட்டாங்க. இதுக்கு ‘இறங்குமுக உதறல்’ பொருந்தும்னு நெனைக்கறேன்.

சொல்லோட கீழ வர்ற விளக்கத்துல சோதிக்கற வரிசையும் கட்டாயம் இருக்கணும். மொதல்ல டயர். வண்டி சூடாகறதுக்கு முன்னாடி காத்து பாக்கணும், அப்புறம் உள்ளங்கைய டயர் மேல ரெண்டு பக்கமாவும் தேய்ச்சுப் பாக்கணும், ஒரு பக்கம் வழுக்கி மறுபக்கம் ரம்பப் பல்லு மாதிரி தட்டுச்சுன்னா டயர் மேடுபள்ளமா தேஞ்சிருக்கு. அடுத்து வீல் கோட்டம், பேலன்ஸ். அதுக்கப்புறம்தான் கோன் செட்: சென்டர் ஸ்டாண்ட் போட்டு முன்வீல தூக்கி, ஃபோர்க்கோட (முன்வீல ரெண்டு பக்கமும் புடிச்சிருக்கற குழாயோட) அடிப்பகுதிய ரெண்டு கையாலயும் புடிச்சு முன்னயும் பின்னயும் ஆட்டணும், டொக்குன்னு கேட்டா லூஸ். ஹேண்டில மெதுவா திருப்பும்போது நடுவுல வந்து ஒரு பள்ளத்துல விழற மாதிரி நின்னுச்சுன்னா பேரிங் ரேஸ்ல (பேரிங் குண்டு உருளற தடத்துல) குழி விழுந்துருச்சு, டைட் வச்சு பிரயோஜனமில்ல, செட்டயே மாத்தணும்.

இந்த வரிசைய நான் வற்புறுத்தறதுக்கு காரணம் இருக்கு, தேஞ்ச டயரோட கோன் செட்ட டைட் வச்சா உதறல் கொஞ்ச நாளைக்கு அடங்கிரும், சரியாயிருச்சுன்னு ஓட்டிட்டே இருப்பாங்க, டயர் மட்டும் அப்படியே இருக்கும். ஓவரா டைட் வச்சா மெதுவா போகும்போது வண்டி நேராவே நிக்காது. டாப் பாக்ஸ்ல கனத்த ஏத்துனா முன்வீல் பாரம் கொறைஞ்சு உதறல் இன்னும் கூடும், பையெல்லாம் எறக்கி வச்சுட்டு ஒரு தடவ ஓட்டிப் பாத்தாலே இது தெரிஞ்சுரும். ஓடும்போது உதறுனா சட்டுனு பிரேக் அடிக்காம, ஹேண்டில இறுக்கிப் புடிக்காம, ஆக்சிலேட்டர மெதுவா கொறைக்கணும், இந்த வரியையும் சேத்துருங்க.

மேல சொன்ன மாதிரி டயர் மேடுபள்ளமா தேயறத இங்கிலீஷ்ல கப்பிங்னு சொல்லுவாங்க, அதுக்கு ‘பல்தேய்வு’ன்னு வச்சா பல் டாக்டர் சமாச்சாரம் மாதிரி இருக்கு. ‘மேடுபள்ளத் தேய்வு’ சரியா வருமா, இல்ல டயர் கடைல பொழங்கற சொல்லு வேற ஏதாச்சும் இருக்கா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.