மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் தாவர மீன்தொட்டி வளர்ப்பவர்களின் அனுபவங்கள்

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்:

எங்கள் வீட்டுத் தொட்டியில் மீன்கள் செத்ததற்குக் காரணம் நோயன்று, நானே ஆசையோடு தூக்கி வந்து வைத்த கல்தான் என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மாதங்கள் ஆயின. ஈப்போவிலிருந்து நம் ஊருக்கு வரும் சாலையில், சிம்மோர் பக்கம் நிற்கும் சுண்ணாம்புக்கல் மலைகளை இந்த வட்டாரத்தில் அறியாதவர் இல்லை. ஜப்பானியக் கலைஞர் தகாஷி அமானோ அமைத்த தொட்டிகளின் படங்களைப் பார்த்துப் பார்த்து, நானும் கல்லை நடுநாயகமாக வைத்து 60 செ.மீ. நீளத் தொட்டி ஒன்றை அமைக்க வேண்டும் என்று முடிவு செய்தபோது, சாலையோரத்தில் கிடந்த, மழையால் மடிப்பு மடிப்பாக அரிக்கப்பட்ட சாம்பல் நிறக் கல் ஒன்று கடையில் விற்கும் எந்தக் கல்லையும்விட அழகாகத் தெரிந்தது. காசும் மிச்சம்.

அடியில், நீர்த்தாவரங்களுக்கென்றே குருணையாக விற்கப்படும் மண்ணைப் பரப்பினேன். இந்த மண் தொடக்க வாரங்களில் நீரில் அம்மோனியாவைக் கசியவிடும். அதை நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் பெருகுவதற்கு ஏறத்தாழ 4 முதல் 6 வாரங்கள் ஆகும். நானோ பத்தாம் நாளே நியான் டெட்ரா என்ற சிறு மீன்கள் 12-ஐ விட்டேன். பேரப்பிள்ளைகள் பள்ளி விடுமுறைக்கு வந்திருந்தார்கள் என்பதைத் தவிர இதற்கு வேறு சமாதானம் என்னிடம் இல்லை.

அமிலத்தன்மையுள்ள நீரில் அம்மோனியாவின் பெரும்பகுதி அவ்வளவாகத் தீங்கு செய்யாத அம்மோனியமாகவே இருக்கும். நீரில் காரத்தன்மை ஏற ஏற அது நச்சாக மாறும். வெப்பமும் அதற்குத் துணைபோகும். செடிகளுக்காகப் பகலில் நான் செலுத்திய கரியமில வாயு சுண்ணாம்புக்கல்லை வேகமாகக் கரைத்தது. இரவில் வாயுவை நிறுத்தியதும் கரைந்த சுண்ணாம்பின் காரம் மேலோங்கியது. விடிந்து பார்த்தால் இரண்டு மீன்கள் மிதக்கும். நானும் மருந்துக் குப்பிகளாக வாங்கி ஊற்றிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் கல்லை வெளியே எடுத்துக் கழுவித் துடைத்து, அதன் மீது சமையலறை வினிகரைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். மடிப்புகளுக்குள் வெள்ளை நுரை சன்னமாகப் பொங்கியது. காதை அருகே கொண்டுபோனபோது மெல்லிய சீறல்கூடக் கேட்டது. முதல் நாளே ஒரு கரண்டி வினிகரில் முடித்திருக்க வேண்டிய சோதனை அது. அந்தக் கல் இப்போது வாசலில் துளசிச் செடியின் அருகே கிடக்கிறது. அங்கே அது அழகாகத்தான் இருக்கிறது. தொட்டியில் அதன் இடத்தில் ஒரு மரவேரையும் சில கிரிப்டோகோரின் செடிகளையும் வைத்திருக்கிறேன்.

தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில் தொட்டி வைத்திருக்கும் சகோதரி ஒருவர்:

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். உங்கள் கிரிப்டோகோரின் இலைகள் ஒரு வாரத்தில் கூழாகக் கரைந்து போகலாம்; அதைக் கண்டு செடியைப் பிடுங்கிவிடாதீர்கள். கடைக்கு வரும் செடிகள் பெரும்பாலும் நீருக்கு வெளியே, ஈரக்காற்றில் வளர்க்கப்பட்டவை என்பதால், நீருக்குள் வந்ததும் பழைய இலைகளை உதிர்த்துவிட்டு வேரிலிருந்து புதிதாகத் தொடங்குகின்றன. இது தெரியாமல் நான் 9 செடிகளைப் பிடுங்கிக் குப்பையில் போட்டேன். மரத்துண்டுக்குப் பின்னால் கை எட்டாத இடத்தில் இருந்த 3 செடிகள் மட்டும் தப்பின. நான்காம் வாரத்தில் அவற்றிலிருந்து ஊசிமுனை அளவில் செம்பழுப்புத் துளிர்கள் எழுந்தபோது, சந்தோஷத்தைவிட வயிற்றெரிச்சலே அதிகமாக இருந்தது.

எங்கள் வீட்டில் அதைவிடப் பெரிய தொல்லை வெக்கை. பிற்பகலில் தொட்டி நீர் 31 டிகிரியைத் தொடும். சூடான நீரில் உயிர்வாயுவும் கரியமில வாயுவும் குறைவாகவே கரையும். நீர்ப்பரப்பின் மீது படுமாறு ஒரு சிறிய மின்விசிறியை வைத்ததில் 2 டிகிரி வரை இறங்கியது. விசிறிக் காற்றில் ஆவியாகும் நீருக்குப் பதிலாக, கூரையிலிருந்து பிடித்து வைத்த மழைநீரை ஊற்றி வருகிறேன். வாரம் ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்றுகிறேன். விளக்கு 6 மணி நேரத்துக்கு மேல் எரிவதில்லை. செடிகளோடு ஒட்டி வந்த நத்தைகளை ஒழிப்பதை மட்டும் விட்டுவிட்டேன். நம் ஊரின் பெயருக்கே நத்தை ஆறு என்றுதானே பொருள்!

தோட்டத்தில் பால்மரம் (ரப்பர் மரம்) சீவிய பெரியவர் ஒருவர்:

தங்கச்சி எழுதியதில் மழைநீரைப் பற்றி ஒரு சொல். உங்கள் வீட்டுக் கூரை ஓடு என்றால் கவலையில்லை. தகரம் என்றால், அதன் துத்தநாகப் பூச்சு மழைநீரில் சிறிது சிறிதாகக் கரைந்து வரும். மீன்கள் தாங்கினாலும் இறால்கள் தாங்குவதில்லை. என் தொட்டியில் இருந்த செர்ரி இறால்கள் அப்படித்தான் ஒன்றுவிடாமல் போயின. அன்றிலிருந்து குழாய் நீரைக் குளோரின் நீக்கி ஊற்றுகிறேன்.

கிரிப்டோகோரின் என்ற பெயரை இந்த வயதில்தான் கற்றுக்கொண்டேன். செடி எனக்குப் புதிதன்று. இளம் வயதில் கீழ்ப் பேராக்கில் வேலை செய்த தோட்டத்தின் எல்லையில், தேநீர் நிறத்தில் ஓடிய சதுப்பு ஓடை முழுவதும் அது மண்டிக் கிடக்கும். அதன் இடையே, பின்னுடலில் கரிய முக்கோணம் தீட்டினாற்போன்ற சிறு மீன்கள் கூட்டமாகத் திரியும். அதே மீனைக் கடையில் ஹார்லிக்வின் ரஸ்போரா என்று எழுதி ஒன்று 2 வெள்ளிக்கு (ரிங்கிட்) விற்கிறார்கள்! சிரித்துக்கொண்டே 8 வாங்கி வந்தேன். டெட்ராவைப் போல அன்றி, அவை நம் வெக்கைக்குப் பழகியவை.

போன மாதம் நீர் மாற்றிய மறுநாள் காலையில், ஒரு பெண்மீன் தலைகீழாகப் புரண்டு, கிரிப்டோகோரின் இலையின் அடிப்புறத்தில் வயிற்றைத் தேய்த்துத் தேய்த்து முட்டைகளை ஒட்டியதைப் பார்த்தேன். கையிலிருந்த காப்பி ஆறும் வரை அசையாமல் நின்றேன். மாலையில் வந்து பார்த்தபோது, மற்ற மீன்கள் அத்தனை முட்டைகளையும் தின்று தீர்த்திருந்தன. இலையோடு எடுத்துத் தனியே வைப்பதற்கு ஒரு பழைய பிஸ்கட் போத்தலை இப்போதே கழுவி வைத்திருக்கிறேன்.