மாலத்தீவு டைவிங்: படகிலேயே தங்குறதா, திகுராவில் ரூம் போடுறதா?

வணக்கம் மக்களே, பெங்களூரிலிருந்து எழுதறேன். பிப்ரவரியில் 8 நாள் லீவு. நானும் வீட்டுக்காரரும் மாலத்தீவு போறோம். லைவ்அபோர்டா (படகிலேயே தங்கி டைவ் பண்றது), திகுரா தீவில் கெஸ்ட் ஹவுஸான்னு 3 வாரமா முடிவாகல.

ரெண்டு பேர்கிட்டயும் இருக்கிறது ஸ்கூபாவோட முதல் கட்ட சர்டிஃபிகேட்டான ஓப்பன் வாட்டர்தான், 18 மீட்டர் ஆழம் வரை. 2023ல் அந்தமான் ஹேவ்லாக்கில் கோர்ஸ் முடிச்சோம். இதுவரை 14 டைவ். தண்ணிக்கடியில் அவருக்கு ஒண்ணும் ஆகாது, மேலதான் பிரச்சனை. போர்ட் பிளேர் ஃபெர்ரியில் கேரி பேக்கை முகத்திலேர்ந்து எடுக்கவே இல்ல. திரும்பும்போது மாத்திரை போட்டும் அதே கதி.

ஏஜென்ட் ரெண்டு பேர்கிட்ட கேட்டாச்சு. ஒரு படகில் அடுத்த கட்டமான அட்வான்ஸ்டு சர்டிஃபிகேட் கட்டாயமாம். இன்னொண்ணில் "பரவால்ல, வாங்க"ன்னாங்க. சேனல்ல (பவளத்திட்டுகளுக்கு நடுவில இருக்கிற கடல் வழி) ஓடுற நீரோட்டத்தை நினைச்சா, இப்படி ஈஸியா வாங்கன்னு சொல்றதுதான் எனக்குப் பயம். எக்செல்லும் போட்டுப் பார்த்தேன்: படகில் நாளுக்கு 3 டைவ், தீவில் 2. ஃப்ளைட்டுக்கு முன்னாடி 18 மணி நேரம் டைவ் கூடாதுங்கிறதால எங்க தங்கினாலும் கடைசி நாள் போச்சு. திமிங்கலச் சுறா தெற்கு ஆரி அட்டோலில் (பவளத்தீவுக் கூட்டம்) வருஷம் முழுக்க வரும், திகுராவிலிருந்தே போயிடலாம்.

பிப்ரவரியில் தெற்கு ஆரியில் லைவ்அபோர்டில் தங்கினவங்க சொல்லுங்க: ராத்திரி நங்கூரம் போட்டு நிக்கும்போது படகு எவ்வளவு ஆடுச்சு?