டாட்யானாவுக்கு ஏன் கொடை இல்லை?

(ஒரு நாவலைப் பற்றிக் குமரி மாவட்ட வாசகர்கள் சிலரின் பதிவுகள், அவரவர் ஊர்ப் பெயரில்)

வடசேரி

ஒக்கிப் புயல் அடித்த வாரத்தில்தான் 'ஐ, ஸ்ட்ராட்' என்ற இந்த ஆங்கில நாவலைப் படித்தேன். 2017 நவம்பர் 30 காலையில் எங்கள் தெரு வேப்பமரம் மின்கம்பத்தையும் இழுத்துக்கொண்டு விழுந்தது. அதன்பிறகு எட்டு நாள் கரண்ட் இல்லை. கப்பலில் வேலை பார்க்கும் சித்தி மகன் ஏதோ ஒரு துறைமுகத்துப் பழைய புத்தகக் கடையில் வாங்கி, முன்னட்டை கிழிந்த நிலையில் என்னிடம் விட்டுப்போயிருந்த புத்தகம் அது. பி. என். எல்ராட் 1993-இல் எழுதிய 'ஐ, ஸ்ட்ராட்'. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நான்கு இரவுகளில் முடித்தேன்.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி விளையாடும் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' 1974-இல் வந்தது. அந்த ஆட்டத்துக்காக டிரேசி ஹிக்மன், லாரா ஹிக்மன் தம்பதி எழுதி 1983-இல் வெளிவந்த சாகசக் கதைதான் 'ரேவன்லாஃப்ட்'. மூடுபனி சூழ்ந்த பரோவியா நாடு, மலைமேல் ஒரு கோட்டை, கோட்டைக்குள் ரத்தக்காட்டேரியாகிவிட்ட பிரபு ஸ்ட்ராட். எல்ராட் அந்த ஸ்ட்ராடையே பேச வைத்துவிட்டார். அவன் தன் கைப்பட எழுதிய குறிப்புகளை, அவன் உறங்கும் பகல் நேரத்தில் வான் ரிக்டன் என்பவர் கோட்டைக்குள் நுழைந்து படிக்கிறார். அவர் தோளுக்குப் பின்னால் நின்று நாமும் படிக்கிறோம்.

போர்க்களத்திலேயே இளமையைக் கழித்தவன் ஸ்ட்ராட். தம்பி செர்கெய் வருகிறான். அழகன், எல்லோருக்கும் பிரியமானவன். அடிவாரக் கிராமத்துப் பெண் டாட்யானாவும் அவனும் விரும்புகிறார்கள். அண்ணனுக்கும் அவள் மீது ஆசை. அவளோ ஸ்ட்ராடை வயதில் மூத்தவர், வீட்டுக்குப் பெரியவர் என்ற மரியாதையோடு, உடன்பிறந்தவனாகவே நினைக்கிறாள். இந்த இடத்தில்தான் புத்தகத்தை மூடி வைத்தேன். அவள் அவனை அழைக்கும் சொல் ஆங்கிலத்தில் வெறும் மரியாதைச் சொல்லாக இருக்கலாம். என் தலைக்குள் அது 'அண்ணா' என்று ஒலித்தது. அந்த ஒரு சொல்லைக் காதில் வாங்கிய பிறகும் ஒருவன் அவளை அப்படிப் பார்க்க முடியுமானால், அவன் ரத்தம் குடிக்கத் தொடங்கும் முன்பே காட்டேரிதான்.

பிறகு நடப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். சாவோடு ஓர் உடன்படிக்கை. திருமண நாளன்று தம்பியைக் கொல்கிறான். டாட்யானா ஓடிப்போய்க் கோட்டைச் சுவரிலிருந்து குதிக்கிறாள். பனி அவளை விழுங்கிவிடுகிறது. காவலர்களின் அம்புகள் அவன்மேல் பாய்கின்றன, அவன் சாவதில்லை.

என் கோபம் இதற்கு அப்புறம்தான் ஆரம்பிக்கிறது. டாட்யானா மறுபிறவி எடுத்து வருகிறாள், ஆனால் ஒன்றும் நினைவில்லாமல் வருகிறாள். மரினா என்ற பெயரில் வந்தபோதும் அநியாயமாகவே சாகிறாள். திரும்பத் திரும்பப் பிறந்து திரும்பத் திரும்பச் சாவதற்கு மட்டும் ஒரு பெண்ணா?

என் ஆச்சி பார்வதிபுரத்தைத் தாண்டும்போதெல்லாம் பஸ் ஜன்னல் வழியே கள்ளியங்காட்டு நீலி இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிடுவாள். நீலி கதை நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தன் மடியில் தலை வைத்துத் தூங்கியவளை அவள் காதலன் நகைக்காகக் கல்லைப் போட்டுக் கொன்றான். பக்கத்தில் நின்ற கள்ளிச்செடி மட்டுமே சாட்சி. அவள் மறுபடி பிறந்து வந்தாள். எதையும் மறக்காமல் வந்தாள். அதே கள்ளிக் கொப்பைப் பிள்ளையாக்கி இடுப்பில் ஏந்தி, ஊர்ப் பெரியவர்கள் முன்னால் நின்று, அவனைக் காட்டி, 'இவர்தான் என் புருஷன்' என்றாள். அவளுக்கு எடுக்கும் கொடைவிழாவில் வில்லுப்பாட்டுப் புலவர் இந்த இடத்தைப் பாடும்போது குடம் அடிப்பவரின் கை மாறுவதைக் கேட்டிருக்கிறேன். அதுவரை உரையாடல்போல நடந்த தாளம் திடீரென்று ஒற்றை அடியாகக் கனத்துவிடும். நூறு முறை கேட்ட கதைக்கும் முன்வரிசைப் பெண்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். கொல்லப்பட்டவளுக்கு நாம் பீடம் போட்டு, பொங்கலிட்டு, விடிய விடியப் பாடுகிறோம். பரோவியாவில் கொன்றவன் கையில் பேனா இருக்கிறது.

நாவல் நன்றாக எழுதப்பட்டிருக்கிறது. அதனால்தான் இத்தனை ஆத்திரம். படித்தவர்கள், ஆட்டம் ஆடியவர்கள் உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

பார்வதிபுரம்

நான் படித்தவன் மட்டுமல்ல, ஆட்டத்தை நடத்துபவன். கல்லூரி நண்பர்கள் நான்கு பேர், மொட்டைமாடி அறை, இருபது முகப் பகடைகள் ஒரு டப்பா. 2016-இல் வந்த புதிய பதிப்பான 'கர்ஸ் ஆஃப் ஸ்ட்ராட்' ஆடினோம். நாவலுக்கும் ஆட்டத்துக்கும் உள்ள பெரிய வேறுபாட்டைச் சொல்ல வேண்டும், அண்ணா. ஆட்டத்தில் குறி சொல்லும் கிழவி ஒருத்தி சீட்டு எடுக்கிறாள். ஸ்ட்ராடை வீழ்த்தும் வாள் எங்கே, அவன் நாட்குறிப்பு எங்கே, கடைசியில் அவனை எந்த அறையில் சந்திப்பீர்கள் என்பதை எல்லாம் அந்தச் சீட்டுதான் முடிவு செய்யும். எங்களிடம் அதற்கான சீட்டுகள் இல்லை, வீட்டிலிருந்த சாதாரணச் சீட்டுக்கட்டை வைத்துச் சமாளித்தோம். ஒவ்வொரு மேசையிலும் கதை வேறு வழியில் போகும். நாவலில் எழுதியது எழுதியதுதான்.

டாட்யானாவின் மறுபிறவி ஆட்டத்தில் இரீனா என்ற பெயரில் இருக்கிறாள். கிராமத் தலைவரின் வளர்ப்பு மகள். வழக்கமாக அவளுக்காகவும் நடத்துபவரே பேசுவார். நான் ஒரு தோழியிடம் அந்தப் பாத்திரத்தைக் கொடுத்தேன். ஸ்ட்ராட் விருந்துக்கு அழைக்கும் காட்சி. ஒரு வாரமாக அவன் வசனங்களை எழுதி வைத்திருந்தேன். குரலைத் தாழ்த்தி, நிறுத்தி நிறுத்தி, 'உன்னை நான் முன்பே அறிவேன்' என்று ஆரம்பித்தேன். அவள் பகடையை எடுத்து டப்பாவுக்குள் வைத்து மூடினாள். 'இரீனா பேசமாட்டாள்' என்றாள். அடுத்து நான் என்ன சொன்னாலும் பதில் இல்லை. கெஞ்சிப் பார்த்தேன், மிரட்டிப் பார்த்தேன், பழைய நினைவு, நித்திய வாழ்வு என்று என்னென்னவோ சொன்னேன். அரைமணி நேரம் கழித்து என்னிடம் வசனமே மிஞ்சவில்லை. ஸ்ட்ராடுக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அவன் பேச்செல்லாம் எதிரே இருப்பவள் பதில் சொல்வாள் என்ற நம்பிக்கையில் நிற்பது.

அதன்பிறகுதான் 'ஐ, ஸ்ட்ராட்' படித்தேன். ஆகவே எனக்கு உங்கள் கோபம் வரவில்லை. பதில் கிடைக்காத ஒருவன் ஒரு புத்தகம் முழுக்கத் தனக்குத் தானே நியாயம் சொல்லிக்கொள்கிறான் என்றுதான் படித்தேன். அவன் சொல்வதை அப்படியே நம்பச் சொல்லி எல்ராட் எங்கேயும் கேட்கவில்லையே.

மார்த்தாண்டம்

எனக்கு முதல் பாதி இழுவை. கோட்டைக் கணக்கு, வரி, படைத்தளபதிகளின் உட்பகை. துரோகி லியோ டிலிஸ்னியாவின் ஆட்கள் திருமண விருந்தினரை வெட்டிச் சாய்க்கும் வரைக்கும் எனக்கு விறுவிறுப்பு தட்டவில்லை. இந்த உலகத்துக்குள் முதன்முதலாக நுழைபவர்கள் 1991-இல் கிறிஸ்டி கோல்டன் எழுதிய 'வேம்பயர் ஆஃப் தி மிஸ்ட்ஸ்' நாவலிலிருந்து தொடங்குங்கள். அதில் வரும் ஜாண்டரும் காட்டேரிதான். ஆனால் தான் என்ன ஆகிவிட்டோம் என்று ஒவ்வொரு நாளும் வெட்கப்படுகிறவன். கடைசியில் அவன் சூரிய உதயத்துக்காகக் காத்திருக்கும் பக்கங்களை, ரப்பர் பால்வெட்டுக்குப் போகும் அப்பாவுக்கு விடியற்காலை கட்டஞ்சாயா போட்டுக் கொடுத்துவிட்டு, அடுக்களைத் திண்ணையில் உட்கார்ந்து படித்தேன். ரப்பர் மரங்களுக்கு இடையே வெளிச்சம் வர ஆரம்பித்திருந்தது. அழுதேன்.

தூத்தூர்ப் பக்கம்

ஒக்கி என்று முதல் வரியிலேயே பார்த்ததும் எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

என் சின்ன மாமா அந்தப் புயலில் ஆழ்கடலில் இருந்தார். திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. இந்த நாவலை அதற்கு இரண்டு வருடம் கழித்து என் தம்பி தந்தான், பேய்க்கதை என்று சொல்லி. டாட்யானா குதிக்கிறாள், கீழே பனி, உடல் இல்லை. ஸ்ட்ராட் வருடக்கணக்காக அவளைத் தேடுகிறான். அந்தப் பகுதியை என்னால் ஒரே மூச்சில் படிக்க முடியவில்லை.

காத்திருப்பு எப்படி இருக்கும் என்பது எல்ராடுக்குத் தெரிந்திருக்கிறது. எங்கள் அத்தை ஒரு வருடம்வரை மாமாவின் சாரத்தை, அதாவது லுங்கியை, துவைத்து மடித்து வைத்தாள். கல்லறைத் திருநாளில் எல்லோரும் அவரவர் கல்லறைக்குப் பூ வைத்து மெழுகுதிரி ஏற்றும்போது, அத்தை கல்லறைத் தோட்டத்து நடுச் சிலுவையின் அடியில் ஏற்றுகிறாள். வேறு எங்கே ஏற்றுவாள்? அந்தத் துக்கத்தை இந்த நாவலில் கொன்றவனுக்குக் கொடுத்திருக்கிறார்கள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. செர்கெய்க்கும் டாட்யானாவுக்கும் மெழுகுதிரி ஏற்ற பரோவியாவில் ஒரு ஆள்கூட மிஞ்சவில்லையா?

பார்வதிபுரத்துத் தம்பி எழுதியதில் அந்தப் பெண் பகடையை டப்பாவில் வைத்து மூடியது மனசில் நிற்கிறது. அவளிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள், நன்றாகச் செய்தாள் என்று.

வடசேரி

அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு, என் முதல் பதிவில் ஒக்கியைக் கரண்ட் போன கணக்கில் மட்டும் எழுதியது எனக்கே உறுத்துகிறது. மன்னியுங்கள்.

தம்பி சொன்னதையும் யோசித்தேன். ஸ்ட்ராடின் பேச்சைத் தற்புகழ்ச்சியாக, பொய்ச்சாட்சியாகப் படிக்கலாம்தான். ஆனால் பொய்ச்சாட்சியை மறுக்க எதிர்ச்சாட்சி ஒன்று வேண்டாமா? நீலிக்குக் கள்ளிச்செடி இருந்தது. டாட்யானாவுக்காக ஒரே ஒரு அத்தியாயம், கோட்டை வேலைக்காரப் பெண்களில் ஒருத்தி சொல்வதாகவாவது இருந்திருக்கலாம்.

போன ஞாயிற்றுக்கிழமை கன்னியாகுமரி போயிருந்தேன். கடற்கரையில் ஒரு பாட்டி சிறு பொட்டலங்களில் பலநிற மணல் விற்றுக்கொண்டிருந்தாள். குமரி அம்மனின் கல்யாணத்துக்கு வைத்திருந்த அரிசியும் பருப்பும்தான் இப்படி மணலாகிவிட்டது என்று பக்கத்தில் நின்ற வெளியூர்ப் பிள்ளைகளுக்குச் சொன்னாள். சுசீந்திரத்திலிருந்து புறப்பட்ட மாப்பிள்ளை சிவன் வழுக்கம்பாறை வரும்போது சேவல் கூவியது, நாரதர் கூவிய பொய்க்கூவல், விடிந்துவிட்டதென்று அவர் திரும்பிப் போய்விட்டார். நின்றுபோன கல்யாணம். அவளை வலுக்கட்டாயமாக அடைய நினைத்த பாணாசுரனும் கதையில் உண்டு. ஆனால் அவனை அவளே கொல்கிறாள். நினைவு தெரிந்த நாள்முதல் கேட்ட கதை. டாட்யானாவின் கல்யாண நாளைப் படித்தபோது இது ஏன் எனக்குத் தோன்றவில்லை என்று தெரியவில்லை.

பத்து ரூபாய்க்கு ஒரு பொட்டலம் வாங்கினேன். அரிசியளவுக் குறுமணி, கருப்பு, செம்மண் நிறம், கொஞ்சம் வெள்ளை. அதை நாவலுக்குள், அவள் குதிக்கும் பக்கத்தில் வைத்திருக்கிறேன். மார்த்தாண்டத்துத் தங்கை 'வேம்பயர் ஆஃப் தி மிஸ்ட்ஸ்' கொடுத்தால் நான் இதைக் கொடுக்கிறேன். பொட்டலத்தின் ஓரம் லேசாகக் கிழிந்திருக்கிறது, திறக்கும்போது மணல் சிந்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.