கலர் சார்ட்டரின் கண்ணும் ஊட்டி காஸ்மிக் கதிர் டிடெக்டரும்: மகளின் புராஜெக்டுக்கு யோசனை வேண்டும்

கோத்தகிரி ஃபிட்டர்:

வணக்கம். கோத்தகிரிப் பக்கம் ஒரு டீ ஃபேக்டரியில் எலக்ட்ரிக்கல் வேலை. கலர் சார்ட்டர் மெஷின் என் பொறுப்பு. சலித்த தூள் சரிவுத் தகட்டில் வழுக்கி விழும். விழுகிற நேரத்துக்குள் கேமரா பார்த்துவிடும். கருப்புத் தூளுக்கு நடுவே சிவப்பாக நாரோ குச்சியோ தெரிந்தால், அதற்கு நேரே உள்ள வால்வு திறந்து காற்றடித்துத் தள்ளும். கண்ணாடியில் லேசாகத் தூசி படிந்தாலே நல்ல தூளையும் சேர்த்து ஊதிவிடும். அதனால் கண்ணாடியைத் துடைத்துவிட்டுத்தான் மற்ற வேலை.

மகள் பதினொன்றாம் வகுப்பு. பள்ளியில் அறிவியல் கண்காட்சி. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிரை ஆராயும் ஊட்டி ஆய்வுக்கூடத்தைப் பற்றிப் படித்ததிலிருந்து ஒரே கேள்வி: "அப்பா, உங்க மெஷின் வெளிச்சத்தைப் பார்க்குது. அது கண்ணுக்கே தெரியாத கதிரைப் பார்க்குது. ரெண்டும் சொந்தமா, வேற வேறயா?" இதை வைத்து வீட்டில் செய்யக்கூடியதாக ஏதாவது உண்டா? பழைய ஸ்மோக் டிடெக்டரில் கதிரியக்கப் பொருள் இருக்குமாமே, பிரித்து எடுக்கலாமா?

ஊட்டி இயற்பியல் வாத்தியார்:

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதல் பதில்: பிரிக்கவே கூடாது. அயனியாக்க வகை ஸ்மோக் டிடெக்டரில் அமெரீசியம்-241 இருக்கும். அதன் ஆல்ஃபா துகள் தோலைத் தாண்டாது. ஆனால் பொடியாகி மூச்சில் போய்விட்டால் உள்ளேயே தங்கிக் கெடுக்கும். அரை ஆயுள் 432 ஆண்டு.

பாப்பா கேட்டது பெரிய கேள்வி, விடாமல் கேட்கட்டும். இங்கே அந்த ஆய்வுக்கூடத்தில் நடக்கும் கிரேப்ஸ்-3 என்ற ஆய்வில் இரண்டு வகை டிடெக்டர் உண்டு. ஒன்று சிண்டிலேட்டர். ஒரு சதுர மீட்டர் அளவுள்ள பிளாஸ்டிக் பலகைகள், சுமார் 400, எட்டு எட்டு மீட்டர் இடைவெளியில் பரப்பி வைத்திருக்கிறார்கள். வானத்திலிருந்து வரும் துகள் பலகைக்குள் புகுந்து போனால் பிளாஸ்டிக் ஒரு கணம் மினுங்கும். நம் கண்ணுக்குத் தெரியாத அளவு மங்கல். அந்த ஒளி மெல்லிய இழை வழியாக போட்டோமல்டிப்ளையர் குழாய்க்குப் போகும். குழாயின் முகப்பில் ஒளி பட்டதும் ஓர் எலக்ட்ரான் கிளம்பும். அது ஒரு தகட்டில் மோதிச் சில எலக்ட்ரான்களைக் கிளப்பும், அவை அடுத்த தகட்டில் மோதும், இப்படியே பெருகிக் கடைசியில் லட்சக்கணக்கில் வந்து விழும். ஆகவே அங்கேயும் கடைசியாகப் பார்ப்பது வெளிச்சத்தைத்தான். உங்கள் மெஷினுக்கு விளக்கு போட்டால்தான் கண் தெரியும். இதற்கு வெளி வெளிச்சம் ஒரு பொட்டுகூடப் போகக்கூடாது. அவ்வளவுதான் வித்தியாசம். சொந்தம்தான் என்று தைரியமாகச் சொல்லுங்கள்.

இன்னொரு வகைக்கு ஒளியே தேவையில்லை. ஆர்கான்–மீத்தேன் வாயு அடைத்த ஆறு மீட்டர் இரும்புச் சதுரக் குழாய்கள், மொத்தம் 3712. மியூவான் (காஸ்மிக் கதிர் காற்றில் மோதுவதால் உண்டாகும் ஒரு துகள்) புகுந்தால் வாயு அயனியாகி உள்ளே இருக்கும் கம்பியில் மின்துடிப்பு வரும். 2014 டிசம்பர் 1 அன்று ஊட்டிக்கு மேலே வந்த இடிமேகத்தால் மியூவான் எண்ணிக்கை குறைந்தது. அதை வைத்தே மேகத்தின் மின்னழுத்தம் சுமார் 130 கோடி வோல்ட் என்று கணக்கிட்டு 2019இல் வெளியிட்டார்கள். நம் ஊர் இடியை இப்படி அளந்திருக்கிறார்கள் என்று கண்காட்சியில் கட்டாயம் எழுதி வையுங்கள்.

செய்துகாட்ட, கதிரை எண்ணும் கெய்கர் கவுண்டர் கிட் ஒன்று போதும். கதிருக்கு எங்கேயும் அலைய வேண்டாம், தேயிலைத் தோட்டத்தில் போடும் பொட்டாஷ் உரமே போதும். அதில் உள்ள பத்தாயிரம் பொட்டாசியம் அணுவில் ஒன்றுக்குச் சற்று மேல், கதிர் வீசும் பொட்டாசியம்-40. அதன் பீட்டா கதிரை மெல்லிய உலோகச் சுவர் உள்ள கெய்கர் குழாய் பிடித்துவிடும்.

குன்னூர் சர்வீஸ் கடை:

அண்ணே, வாத்தியார் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கோங்க. பி.பி.டபிள்யூ.34 என்று ஒரு சாதாரண போட்டோடயோடு கிடைக்கும். வெளிச்சத்தில் வைத்தால் லைட் சென்சார். அதையே அலுமினியம் ஃபாயிலில் ஒளி புகாமல் சுற்றி, நல்ல ஆம்ப்ளிஃபயர் போட்டால் காமா கதிருக்குத் துடிப்பு தரும். ஒரே பொருள் ரெண்டு வேலையும் செய்யும். பாப்பா கேள்விக்கு நேரான பதில் இதுதான். ஆனால் பரப்பு 7.5 சதுர மில்லிமீட்டர்தான், பொட்டாஷ் மாதிரி பலவீனமானதற்கு இதை நம்ப வேண்டாம். எண்ணிக் காட்ட கெய்கர் குழாய்தான். அதில் 400 வோல்ட் வரை ஓடும், பெட்டியில் மூடியே வையுங்கள்.

கோத்தகிரி ஃபிட்டர்:

ரொம்ப நன்றி சார், தம்பிக்கும் நன்றி. டயோடை ஃபாயில் இல்லாமல் ஒன்று, சுற்றி ஒன்று என்று பக்கத்தில் பக்கத்தில் வைக்கப் போகிறாள். பொட்டாஷ் வீட்டிலேயே இருக்கிறது. எவ்வளவு நேரம் எண்ண வேண்டும்?

ஊட்டி இயற்பியல் வாத்தியார்:

முதலில் பொட்டாஷ் இல்லாமல் அரை மணி நேரம் எண்ணிக் குறியுங்கள். கதிர் எங்கேயும் கொஞ்சம் இருக்கும், அந்த அடிப்படை அளவு தெரிய வேண்டும். அப்புறம் பொட்டாஷை மெல்லிய பிளாஸ்டிக் பையில் கட்டிக் குழாயை ஒட்டி வைத்து, அதே இடத்தில் இன்னொரு அரை மணி நேரம். ஒரு நிமிடக் கணக்கை வைத்து முடிவு சொன்னால் நடுவர் கேள்வி கேட்பார். கூடவே உப்புப் பொட்டலம் ஒன்றையும் இதே மாதிரி வைத்து எண்ணட்டும்; கவுண்டர் ரெண்டையும் பிரித்துக் காட்டும்.