சிகப்பியா, சிவப்பியா?

வளவுவீட்டு ஆச்சி:
பிறந்த பெண் குழந்தைக்குப் பேர் கேட்டிருந்த தங்கச்சிக்கு, சிவகங்கைத் தமிழாசான் நேத்து எழுதின பதிலைப் பாத்ததிலேருந்து மனசு ஆறல. "சிகப்பி என்பது பிழை, சிவப்பி என்பதே சரி, இப்போது அந்தப் பெயரை வைப்பாரும் இல்லை" என்கிறார். எங்க அப்பத்தா பேர் சிகப்பி. எங்க அண்ணன் மகளும் சிகப்பி, ஏழு மாசக் குழந்தை. ரெண்டு பேரும் பிழையா? அப்பத்தா சீராக் கொண்டாந்த பித்தளைத் தூக்குச்சட்டி இப்ப என் மடியில இருக்கு. விளிம்புக்குக் கீழ புள்ளி புள்ளியாக் குத்தியிருக்கு, 'சிகப்பி'ன்னு. புளி போட்டுத் தேய்ச்சு 'க' மேல் பக்கம் மழுங்கிப் போச்சு. ஆனா அது 'க'தான்.

சிவகங்கைத் தமிழாசான்:
அம்மா, சிவந்தது, சிவக்கும் என்கிறோம். சிகந்தது, சிகக்கும் என்று உங்கள் ஊரில் சொல்வார்களா? வேர் 'சிவ'. பாத்திரத்தில் பேர் வெட்டியவர் நன்னூல் படித்தவர் அல்லர். மேலும், எழுத்து மழுங்கியதை நீங்களே ஒப்புக்கொண்டீர்கள். அது 'வ'வாகவும் இருக்கலாம்.

வளவுவீட்டு ஆச்சி:
'வ' இல்ல. விரலால தடவிப் பாத்துட்டேன், குறுக்குக்கோடு தட்டுப்படுது. நாவற்பழத்தை நாகப்பழம்னு சொல்றோம். துவையலைத் துகையல்னு சொல்றோம். உங்க வீட்டுல துகையல் அரைச்சா இலையைத் தள்ளிட்டு எந்திரிச்சுருவீகளா? அப்பத்தா பேரைப் பேத்திக்கு வைக்கிற வீடுகள் நாங்க. பேர் அகராதியிலேருந்து வரல, ஆளுகிட்டேருந்து வந்துச்சு.

பள்ளத்தூர்ப் பேரன்:
ஆச்சி சொல்றது சரி. ஆனா உச்சரிப்பைப் பத்தி யாருமே பேசலையே. எங்க வீட்டுல 'க'வை அழுத்த மாட்டாக, 'சிஹப்பி'ன்னுதான் காதுல விழும். சென்னை எழும்பூர்ல சிகப்பி ஆச்சி பேர்ல கட்டடமே இருக்கு. இங்கிலீஷ்ல ஒத்தை 'பி' போட்டு எழுதுறதால, போன தடவை என்னை ஏத்திக்கிட்டுப் போன ஆட்டோக்காரர் 'சிகாபி' ஆக்கிட்டார்.

காரைக்குடி மருமகள்:
நான் கோயம்புத்தூர்ப் பொண்ணு, தப்பா எடுத்துக்காதீங்க. பொண்ணு மாநிறமா இருந்து பேர் மட்டும் சிகப்பின்னா பள்ளிக்கூடத்துல சும்மா விடுவாங்களா?

வளவுவீட்டு ஆச்சி:
எங்க அப்பத்தா கருப்புத்தான். தொண்ணூறு வயசு வரைக்கும் தலை நிமிர்ந்து இருந்தாக. கருப்பாயின்னு பேர் வச்ச சிவத்த பொம்பளைகளையும் பாத்திருக்கேன். நிறத்தைக் கேக்குறவுகளுக்கு நாங்க பேர் வைக்கிறதில்ல. தமிழாசான் இன்னும் துகையலுக்குப் பதில் சொல்லல.

சிவகங்கைத் தமிழாசான்:
பேச்சு வழக்கு வேறு, எழுத்து வழக்கு வேறு. போன மாதம் செட்டிநாட்டு இனிப்புப் பலகாரத்தின் பேர் கந்தரப்பமா கந்தர்வ அப்பமா என்று பேச்சு வந்தபோதும் இதே அம்மையார் இதே குரலில்தான் பேசினார். அப்போதும் சான்று கேட்டேன், வரவில்லை.

வளவுவீட்டு ஆச்சி:
அப்பச் சட்டியையா சான்றாக் கொண்டாருவேன்? அன்னைக்கும் நீங்க கந்தரப்பம் சுட்ட கையில்லாமத்தான் பேசினீக. இன்னைக்குச் சான்று மடியில இருக்கு. தேவகோட்டைப் பக்கம் வாங்க, காட்டுறேன். 'க'.

பள்ளத்தூர்ப் பேரன்:
தேவகோட்டைக்காரவுக எல்லாத்தையும் வீட்டுக்கு வரச்சொல்லித்தான் காட்டுவீகளா? ஒரு படம் எடுத்துப் போடுங்க ஆச்சி.

வளவுவீட்டு ஆச்சி:
படத்துல பித்தளை மின்னுது, எழுத்துத் தெரியல. தம்பி, ஊரை இழுக்காதீக.

பேர் கேட்ட தங்கச்சி:
கேட்டது நான்தான். மகளுக்கு நாளையோட பதினோரு மாசம் முடியுது. பிறப்புச் சான்றிதழ்ல 12 மாசத்துக்குள்ள பேர் சேத்தாக் கட்டணம் இல்லை. 15 வருஷம் வரைக்கும் தாமதக் கட்டணம் கட்டிச் சேக்கலாம்னு சொன்னாங்க. மாமியார் பேரும் அதுதான், அவங்ககிட்டயே எப்படிக் கேக்குறதுன்னு கூச்சமா இருக்கு. எந்த எழுத்தைப் போடட்டும்?

சிவகங்கைத் தமிழாசான்:
வ.

வளவுவீட்டு ஆச்சி:
க. உங்க மாமியார் சீர்ச் சாமான்ல என்ன வெட்டியிருக்குன்னு பரண்ல ஏறிப் பாரு தங்கச்சி, அவுகளைக் கேக்கவே வேண்டாம்.

பள்ளத்தூர்ப் பேரன்:
இப்பத்தான் எங்க வீட்டு வாளியைப் பாத்தேன். 'சீகப்பி'ன்னு நெடில்ல இருக்கு.

வளவுவீட்டு ஆச்சி:
அது பள்ளத்தூர் ஆசாரி வெட்டினது. எங்க தூக்குச்சட்டியில குறில்.